தின்று தீர்த்த நஷ்டஈடு

கோல்டன் மெடோ, லூசியானா
14 அக்டோபர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன்னோடு அந்த அடைப்புமடத்தில் இருக்கும் மற்றவர்களும் சுகமா? மதருக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே நாங்கள் நலம். என் காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள், மழை வருமுன் அதுதான் முதலில் சொல்கிறது. மற்றபடி குறையில்லை.

ஜூன் மாதம் என் மகன் கெரி உனக்கு எழுதியபோது 'அம்மா சாலை விபத்தில் அடிபட்டார்' என்று போட்டிருந்தானாம். சாலையில் ஓடியா அடிபட்டேன்? தூக்குப்பாலம் மேலே போயிருந்தது. ஏதோ இறால் படகு அடியில் போகிறது என்று எல்லாரையும் போல வண்டியை அணைத்துவிட்டு இறங்கினேன். பின்னால் வண்டியில் நின்ற பக்கத்து வீட்டு வெல்மாவுக்கு ஒரு ரொட்டி கொடுக்கலாம் என்று டிக்கியைத் திறந்தேன். அவள் வண்டிக்கும் பின்னால் ஐஸ் ஏற்றி வந்த பிக்கப் பிரேக் பிடிக்காமல் அவளை இடித்தது. அவள் வண்டி என் வண்டியை இடித்தது, நடுவில் என் கால். பாலத்தில் இறங்கி நின்று ஊர்க்கதை பேசாதவர் இந்த ஊரில் யார்? மோதியவனின் இன்சூரன்ஸ்காரன் கேட்கிறான், "நீங்க ஏம்மா வண்டிய விட்டு எறங்குனீங்க?" "பின்ன, பாலம் எறங்குற வரைக்கும் ஸ்டியரிங்க பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாங்களா?" என்றேன்.

வக்கீல் லபாட் பேசி முடித்துவிட்டார். மோதியவன் பெயரில் இருந்த இன்சூரன்ஸே மொத்தம் பதினைந்தாயிரம் டாலர்தான். வக்கீல் பங்கு போக எனக்குப் பத்து. அதற்குள் மினசோட்டாவிலிருந்து ஒரு வசூல் கம்பெனிக்கு மூக்கு வேர்த்துவிட்டது. ஆஸ்பத்திரிச் செலவைக் கப்பல் பட்டறையின் மருத்துவத் திட்டம் கட்டியதாம், அதனால் பதினைந்தாயிரமும் திட்டத்துக்கே சேர வேண்டுமாம். இருபத்திரண்டு வருஷம் அந்தப் பட்டறை கேன்டீனில் சமைத்தேன், ஒவ்வொரு சம்பளத்திலும் அந்தத் திட்டத்துக்குப் பிடித்தார்கள். இப்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டுத் தொலைத்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது.

பிக்கான் மரத்தின் உச்சியில் காய் நிறைய. வெல்மா வீட்டுக் கூரை துருப்பிடித்துவிட்டது, அவளுக்கே தெரியாது.

உன் தங்கை,
ஓடலி


மடத்திலிருந்து
29 அக்டோபர் 2018

என் ஓடலிக்கு,

ஆண்டவர் உன்னோடு இருக்கட்டும். நீ சொன்ன சுகத்தை நான் பாதிதான் நம்பினேன். நாங்கள் நலம். மதரின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உன் கடிதத்தை முதலில் படித்தவர் அவர்தான், ஸ்டியரிங் பதிலுக்குச் சத்தமாகச் சிரித்தார்.

கையெழுத்துப் போடாதே. ஐம்பத்தாறு வயதில் மடத்துக்குப் போனவள் என்று என்னை ஊரே கேலி செய்ததே, அதற்கு முன் பதினெட்டு வருஷம் பேட்டன் ரூஜில் நான் என்ன வேலை பார்த்தேன்? உனக்கு வந்த அதே கடிதத்தை ஊருக்கெல்லாம் எழுதும் வேலை. நன்றாகவே எழுதினேன். முதல் கடிதம் மிரட்டுவதற்கு. பாதிப் பேர் அதற்கே பயந்து கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தப் பாதியில் என் தங்கை இருக்கக் கூடாது.

விஷயம் இதுதான். வெளியில் வாங்கிய இன்சூரன்ஸ் என்றால், அடிபட்டவளின் நஷ்டம் தீருமுன் கை நீட்டாதே என்று நம் மாநிலச் சட்டம் ஓரளவு தடுக்கும். உங்கள் பட்டறை தன் சொந்தப் பணத்தில் திட்டம் நடத்துகிறது. அதை அந்தச் சட்டம் தொடாது. திட்டத்தின் மூலப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும். அந்தப் பத்திரத்தை எழுத்தில் கேட்கச் சொல் லபாட்டை. அதற்குப் பதில் சுருக்கமான கையடக்கப் புத்தகத்தை நீட்டுவார்கள், வேண்டாம் என்று திருப்பி அனுப்பு. பணம் அதுவரை வக்கீலிடமே இருக்கட்டும்.

இன்னொன்று. நீ பூசைக்குப் போனதாக ஒரு வரி இல்லை. வெல்மா வீட்டில் காபி குடித்ததாக இல்லை. மரத்தின் உச்சி, வீட்டின் கூரை. எல்லாம் மேலே இருந்து பார்த்தது. நீ எப்போது கடைசியாகக் கீழே இறங்கினாய்?

அன்புடன்,
அர்லீன் (இங்கே சிஸ்டர் பிலோமினா)


கோல்டன் மெடோ
12 நவம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மதருக்கு வெல்மா ஒரு தைலம் கொடுத்திருக்கிறாள். இத்துடன் அனுப்புகிறேன், நாற்றத்துக்கு நான் பொறுப்பில்லை.

லபாட் பத்திரத்தைக் கேட்டார். நீ சொன்னபடியே கைப்புத்தகம் வந்தது, திருப்பி அனுப்பினோம். உடனே அந்தக் கம்பெனி ஆள் எனக்கே போன் போட்டான். ஹால்வர்சன் என்று பெயர், குரல் மட்டும் பாயசம்.

"மேடம், நீங்க ரெண்டு பக்கமும் பணம் வாங்கக் கூடாது இல்லையா?"

"தம்பி, ஒரு பக்கந்தான் எனக்குக் காலு இருக்கு. ரெண்டு பக்கத்துக்கு நான் எங்க போவேன்?"

"இது மத்த தொழிலாளிங்களோட பணமும்தான் மேடம்."

"அந்தத் தொழிலாளிங்க எல்லாருக்கும் நான் சமைச்சுப் போட்டிருக்கேன். அவங்கள்ல ஒருத்தர வந்து கேக்கச் சொல்லு, குடுக்கறேன்."

லபாட்டிடம் பேசிக்கொள் என்று வைத்துவிட்டேன். பட்டறையிலிருந்து ஒருவரும் வந்து கேட்கவில்லை. இரண்டு பேர் கீழே நின்று, "அக்கா, உங்க வெண்டைக்காக் குழம்பு இல்லாம கேன்டீன் செத்துப்போச்சு" என்று கத்திவிட்டுப் போனார்கள்.

குளிர் தொடங்கிவிட்டது. பெலிக்கன்கள் வந்துவிட்டன.

ஓடலி


மடத்திலிருந்து
28 நவம்பர் 2018

ஓடலி,

உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். தைலத்தை மதர் தோட்டத்தில் உட்கார்ந்து தேய்க்கிறார், வீட்டுக்குள் அனுமதி இல்லை.

ஞாயிறு முதல் திருவருகைக் காலம். கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, பிரிப்பதும் இல்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். நான் கேட்டதற்கு நீ பெலிக்கனைப் பதிலாக அனுப்பியிருக்கிறாய். அவர்கள் கீழே நின்று ஏன் கத்த வேண்டும்? உன்னை ஹூஸ்டனுக்குக் கூட்டிப்போய்விடுவதாகக் கெரி எனக்கு எழுதியிருக்கிறான். எதற்காக என்று அவனும் எழுதவில்லை. அம்மாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து என்னிடம் பூசி மெழுகாதீர்கள்.

அர்லீன்


கோல்டன் மெடோ
26 டிசம்பர் 2018

அன்புள்ள அக்காவுக்கு,

பிறந்த பாலன் உங்களை எல்லாம் காக்கட்டும். இருமல் எதுவும் இல்லையே?

சரி, கேட்டுக்கொள். புயலுக்குப் பிறகு என் வீட்டுக்காரர் அல்சீட் இந்த வீட்டைத் தூண்கள் மேல் தூக்கி வைத்தபோது, அடுத்த வெள்ளம் நம் காலைக்கூடத் தொடாது என்று பெருமை பேசினார். வெள்ளம் தொடவில்லை. இப்போது நான்தான் தரையைத் தொட முடியவில்லை. படியில் ஒரு காலை வைத்தால் இன்னொன்று வராது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து மேலேயே இருக்கிறேன். டாக்டரிடம் போகப் பக்கத்து வீட்டு நோலனும் அவன் தம்பியும் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குவார்கள். கல்லறைத் திருநாளுக்கு அல்சீட்டின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் அப்படித்தான் போனேன். ஏற்றும்போது நோலனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் கூப்பிடவில்லை. என்னால் இன்னொருவன் படுக்கையில் விழ வேண்டாம்.

எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். கல்யாணக் கூட்டத்துக்கே தனியாகச் சமைத்த பொம்பளை நான். மூட்டை மாதிரி இறங்குவதை உனக்கு எப்படி எழுதுவேன்?

வெளியே ஒரு லிஃப்ட் போட்டால் போதும், சக்கர நாற்காலியோடு இறங்கிவிடுவேன். அந்தப் பணத்தை அதற்குத்தான் மனதில் வைத்திருக்கிறேன். கெரி இல்லையா என்று கேட்காதே. அவன் ஹூஸ்டனில் அறை ஒதுக்கித் தருகிறான், லிஃப்டுக்குத் தர அவனிடம் இல்லை. அந்த அறைக்குப் போனால் நான் இந்த ஓடைக்கரைக்குத் திரும்ப மாட்டேன் என்று எனக்குத் தெரியும். ஹால்வர்சனிடமிருந்து மறுபடி கடிதம். முழுவதும் வேண்டுமாம்.

ஓடலி


மடத்திலிருந்து
10 ஜனவரி 2019

என் தங்கமே,

ஆண்டவரின் சமாதானம் உனக்கு. உன் கடிதத்தை மதர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது, அது இன்னும் போகவில்லை.

நானும் வெளியே போகாதவள்தான். கம்பிக்குப் பின்னால்தான் இருக்கிறேன். ஆனால் இந்தக் கதவை நானே தட்டினேன், நானே உள்ளே வந்து சாத்தினேன். உன்னை யாரும் கேட்கவில்லை. பிரேக் இல்லாத ஒருவன் உன்னை மேலே வைத்துப் பூட்டினான். இப்போது மினசோட்டாவிலிருந்து ஒருவன் சாவியையும் கேட்கிறான். கொடுக்க மாட்டோம்.

பத்திரம் இன்னும் வரவில்லை என்றால் அவர்களுக்கே அதில் ஏதோ சங்கடம் இருக்கிறது, அல்லது ஃபைல் யார் மேசையிலோ தூங்குகிறது. பெரும்பாலும் தூங்கும். எங்கள் ஆபீஸில் ஒரு ஆளுக்கு அறுநூறு ஃபைல். லபாட்டை ஒரு தேதி வைக்கச் சொல். 'இந்தத் தேதிக்குள் பத்திரமும் பதிலும் வராவிட்டால் பணத்தை என் கட்சிக்காரரிடம் கொடுத்துவிடுவேன்' என்று பதிவுத் தபாலில் எழுதட்டும். அவர்கள் நிச்சயம் தடுப்பார்கள். தடுக்கும்போது பேரம் பேசலாம்.

ஹூஸ்டனுக்குப் போகாதே.

அர்லீன்


கோல்டன் மெடோ
18 பிப்ரவரி 2019

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மதரும் சுகம்தானே? நான் முன்னைவிடச் சுகம், திட்டுவதற்கு ஆள் கிடைத்ததால்.

லபாட் தேதி வைத்துவிட்டார், சூசையப்பர் திருநாள். இதுவரை மினசோட்டாவிலிருந்து மூச்சு இல்லை.

போன வாரம் கெரி அட்டைப் பெட்டிகளோடு வந்தான். சாமான் கட்ட வேண்டுமாம். "அம்மா, அங்க எல்லாம் ஒரே தளம். படியே கெடையாது."

"ஓடை இருக்கா?"

"நீச்சல்குளம் இருக்கு."

"அதுல எறா வருமா?"

பெட்டிகளில் பிக்கான் கொட்டை நிரப்பித் திருப்பி அனுப்பினேன். போகும்போது கண் கலங்கினான், பாவம். என்னைக் கட்டிக்கொண்டு, "நீ விழுந்து கெடந்தா யாரு பாப்பா?" என்றான். அதற்குப் பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

ஓடலி


கோல்டன் மெடோ
20 மார்ச் 2019

அக்கா,

தவக்காலம், நீ இதைப் பிரிக்க மாட்டாய் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், கேட்க வேறு ஆள் இல்லை. எல்லாரும் சுகம் என்று வைத்துக்கொள்.

பணம் வந்துவிட்டது! அவர்கள் வாயே திறக்கவில்லை. நேற்றுத் தேதி முடிந்தது, இன்று லபாட்டே படியேறி வந்து காசோலையைக் கொடுத்தார். "இனி இது உங்களுது. ஆனா அவங்க என்னிக்காவது முழிச்சுக்குவாங்க. நாளைக்கு என்ன ஆகும்னு என்னால எழுதித் தர முடியாது" என்று கையை விரித்துவிட்டார். நியாயமான மனுஷன்தான், பயந்த மனுஷன்.

இப்போது நான் என்ன செய்ய? ஹூமா டவுன் கம்பெனிக்காரன் லிஃப்டுக்குச் சொல்லும் விலைக்கு இது பாதிதான். முன்பணம் கொடுத்துவிட்டு மீதிக்குக் கடன் வாங்கவா? இல்லை, நாளைக்கு வந்து கேட்டால் கொடுக்க அப்படியே வைத்திருக்கவா? ஒரு வார்த்தை சொல்லேன். உன் மௌனத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததே இல்லை.

ஓடலி


கோல்டன் மெடோ
புனித வெள்ளி, 19 ஏப்ரல் 2019

அன்புள்ள அக்காவுக்கு,

கீழே இருந்து எழுதுகிறேன். மறுபடி படி: கீழே இருந்து. பிக்கான் மரத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிறேன். இதன் தண்டில் எறும்பு ஊர்வதை ஒரு வருஷமாக நான் பார்க்கவில்லை.

நடந்தது இது. உன் பதில் வரவில்லை. ஹூமா கம்பெனிக்காரனுக்குப் போன் போடப்போனேன். அன்று நோலன் மேலே வந்திருந்தான். கேட்டதும் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஹூமாக்காரன் வந்து உன்னத் தூக்கணுமா? எங்கிட்ட மிஸ் வெல்மா கெடக்குது. அதோட வின்ச் ஆயிரம் பவுண்டு எறாவத் தூக்குன வின்ச்சு. நீ என்ன, அதவிடக் கனமா?"

"கிறிஸ்துமஸுக்கு அப்புறம் கொஞ்சம் கூடித்தான் இருக்கேன்" என்றேன்.

'மிஸ் வெல்மா' அவன் பழைய படகு. இஞ்சின் போய்விட்டது, வாங்க ஆள் இல்லை. வலை இழுக்கும் வின்ச்சைக் கழற்றினான். வலையை விரித்துப் பிடிக்கும் இரண்டு இரும்புக் கைகளை அறுத்துத் தண்டவாளம் மாதிரி வீட்டோரம் நட்டான். பட்டறையிலிருந்து நான் சோறு போட்ட பையன்கள் எட்டுப் பேர் சனிக்கிழமைதோறும் வெல்டிங் செய்ய வந்தார்கள். காசு நீட்டினேன். "அக்கா, அசிங்கப்படுத்தாத" என்றான் ஒருவன். அப்புறம் என்ன செய்வது? சமைத்தேன். அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளும் வந்தார்கள், அவர்கள் அத்தை மாமன்களும் வந்தார்கள். சிப்பி, நண்டு, கெளுத்தி, மூட்டை மூட்டையாகக் கிராஃபிஷ். வீட்டுக்கு வந்து காலைப் பிடித்துப் பழக்கும் பெண்ணுக்குச் சம்பளம், வெள்ள இன்சூரன்ஸ், பாக்கி நின்ற கரண்ட் பில், மருந்து, அல்சீட்டுக்குப் பூசை. இன்று மாமிசம் ஆகாத நாள், வழக்கம்போல ஊர் முழுக்க முற்றத்தில் கிராஃபிஷ் அவிக்கிறது. பத்தாயிரம் போயே போய்விட்டது அக்கா. லிஃப்டுக்கு ஒரு காசு போகவில்லை.

முதல்முறை நோலன் பொத்தானை அழுத்தியபோது அது படகு மாதிரியே உறுமியது. நான் இறங்கினேன். வெல்மா அழுதாள், பையன்கள் விசிலடித்தார்கள். மூன்று மணிக்குச் சிலுவைப்பாதைக்கு நானே போனேன்.

நீ திட்டுவாய் என்று தெரியும். திட்டு. கீழே இருந்து கேட்கிறேன்.

ஓடலி


மடத்திலிருந்து
ஈஸ்டர் திங்கள், 22 ஏப்ரல் 2019

ஓடலி, ஓடலி,

உயிர்த்த ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், நான் வேகமாக எழுதுகிறேன். தவக்காலம் முடியும்வரை உன் மார்ச் மாதக் கடிதம் மதரின் மேசைக் கூடையில் இருந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் ஜெபத்துக்குப் போனேன், ஜெபத்தில் உன்னைத் தவிர ஒன்றும் ஓடவில்லை. இப்போதுதான் படித்தேன்.

லிஃப்ட் வாங்கியிருக்காதே! அந்தப் பணத்தில் வாங்கிய பொருள் நின்றால், அதன் மேல் உரிமை கேட்பார்கள். செலவாகித் தீர்ந்துபோன பணத்துக்காக உன் வீட்டையோ சேமிப்பையோ பிடிக்க முடியாது. தின்றது, குடித்தது, கூலி கொடுத்தது, இவற்றை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. நான் மடத்துக்கு வந்த வருஷம் வாஷிங்டன் நீதிபதிகள் சொன்ன தீர்ப்பு அது, எங்கள் ஆபீஸே துக்கம் கொண்டாடியது. பணம் உன் கைக்கு வரவே விடமாட்டார்கள் என்று நினைத்து இதை ஜனவரியில் எழுதாமல் விட்டேன். முன்பணம் கொடுத்திருந்தால் உடனே லபாட்டைக் கூப்பிடு.

ஐயோ, நான் பிந்திவிட்டேன் என்று பயமாக இருக்கிறது.

அர்லீன்


கோல்டன் மெடோ
27 மே 2019

அன்புள்ள அக்காவுக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்திருக்கும். என்னுடையது கிடைத்து உன் பயம் தீர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். மதர் எப்படி இருக்கிறார்?

ஹால்வர்சன் விழித்துக்கொண்டான். போன செவ்வாய், மூலப் பத்திரத்தையும் அனுப்பிவிட்டுப் போன் போட்டான். நீ சொன்ன தீர்ப்பை லபாட்டிடம் காட்டியிருந்தேன். அவர் அதைப் படித்த அன்று முதல் இரண்டு அங்குலம் உயரமாகிவிட்டார். போன் வந்தபோது அவரும் என் பக்கத்தில் இருந்தார்.

"மேடம், அந்தப் பணம் இப்ப எங்க இருக்கு?"

"வயித்துல."

"புரியல மேடம்."

"என் வயித்துல கொஞ்சம், நோலன் வயித்துல கொஞ்சம். ஊரு முழுக்க இருக்கு. ஈஸ்டருக்கு முன்னாடி கேட்டிருந்தா கொஞ்சம் கிராஃபிஷ் தலையாவது அனுப்பியிருப்பேன்."

"வீட்டுல ஒரு லிஃப்ட் போட்டிருக்கீங்களாமே?"

"லிஃப்ட் இல்ல தம்பி, படகு. பக்கத்து வீட்டுக்காரன் குடுத்தது. பேரு இன்னும் அழியல, வந்து பாரு. ஏறியும் பாரு. பொத்தான் மட்டும் எங்கிட்ட இருக்கும்."

"மிச்சம் ஏதாவது?"

"உருளக்கெழங்கு ரெண்டு மூட்ட."

ஃபைலை 'பரிசீலனையில்' வைத்திருக்கிறார்களாம். வைத்துக்கொள்ளட்டும். வழக்குப் போட்டால் கோர்ட்டுக்கும் வருவேன், இப்போதுதான் இறங்கத் தெரியுமே. கெரி வந்து நாள் முழுக்க ஏறி இறங்கிப் பார்த்தான். விழுந்தால் அடிக்க நோலன் படகின் ஊதுகொம்பையும் என் கட்டில் பக்கத்தில் மாட்டிவிட்டான். ஒருமுறை அடித்துப் பார்த்தேன், படகு வருகிறது என்று தூக்குப்பாலத்துக்காரன் பாலத்தைத் தூக்கிவிட்டான்.

ஜூனில் உங்கள் மடத்தில் உறவினரைப் பார்க்கும் நாள் வருகிறது இல்லையா? வெல்மா வண்டி ஓட்டுகிறாள். ஒன்றே ஒன்று மட்டும் எழுது. பார்வையாளர் வாசலில் படி இருக்கிறதா?

ஓடலி


மடத்திலிருந்து
3 ஜூன் 2019

என் ஓடலிக்கு,

எல்லாரும் சுகம். மதருக்கு முழங்கால் மோசம், ஆனாலும் உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவரே எழுந்து தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

படி இருந்தது. இப்போது அதன் மேல் பலகைச் சரிவு போட்டாகிவிட்டது. வா.

உன் அக்கா,
அர்லீன்